இரண்டு விரல் இடைவெளி

புருஷோத்தமன் பால் காய்ச்சினான். இட்லி ஊற்றினான். மகள் சந்தியாவை எழுப்பித் தலை வாரினான். பின்னல் கோணலாக வந்தது. தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். வைத்தான். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்தான். மனைவி ரோஜா செத்த பிறகு காலை என்றால் இதுதான்.

நடுவில் இரண்டு வருஷம் மட்டும் வேறு மாதிரி. ரோஜாவின் தங்கை யமுனா நகரியிலிருந்து வந்து தங்கியிருந்தாள். சந்தியாவுக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று திருப்பதி டாக்டரம்மா சொன்னது அப்போதுதான். யமுனா கொடுத்தால் மாத்திரை உள்ளே போகும். இவன் கொடுத்தால் துப்புவாள். கருப்புக் கயிற்றில் பெருமாள் டாலர் கோத்து மகள் கழுத்தில் கட்டியவளும் யமுனாதான். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும்போது கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். ஏன் என்று இவன் கேட்டதில்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நுழைய இடமிருந்ததாகத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை சரியானதும் மாத்திரை நின்றது. யமுனா கல்யாணமாகிக் குவைத் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும்.

பேசி முடித்ததும் சந்தியாவின் கை நடுங்கும். நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரியும். மற்ற நாளில் இவன் கவனித்துப் பார்க்கவில்லை. தின்றது எங்கே போயிற்றோ, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. யமுனாவுக்காக ஏங்கித்தான் மகள் கரைகிறாள் என்று இவனுக்கு வயிறு எரிந்தது. பெற்றவன் பக்கத்தில் இருக்கிறேன், கடல் தாண்டிப் போனவள்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை போனை அவனே எடுத்தான்.

"நீ பேசிப் பேசித்தான் பாப்பா எளைச்சுக்கினே போவுது. கொஞ்ச நாள் உட்டுடு, யமுனா."

"எளைக்குதா? இன்னா மாமா சொல்றே? கயித்தப் பாத்தியா..."

வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே சந்தியா, "நைனா, கயிறு இறுக்குது" என்றாள்.

வளர்கிற பிள்ளை என்று நினைத்தான். கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. ரோஜா போன பிறகு மனசில் உறைத்த முதல் சந்தோஷம் அது.

"சின்னம்மா கட்டினது, நைனா."

"நான் வேற கட்றேன்."

கட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் திருப்பதிக்குக் கூட்டிப் போனான். டாக்டரம்மா கழுத்தைத் தடவினார்.

"திரும்ப வந்திருக்கு. மாத்திரைய நிறுத்தினா நெறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதான், யார் தப்பும் இல்ல. ஆனா கழுத்து இவ்ளோ வீங்குற வரைக்கும் விடலாமா? கயிறு இறுகினா உடனே கூட்டியாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தேனே."

அவன் மகளைப் பார்த்தான். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து குவைத்துக்குப் போன் போட்டான். மறுபடி மாத்திரை என்று சொன்னான். "பாப்பாகிட்ட குடு" என்றாள் யமுனா. கொடுத்தான். குனிந்து, மகள் பிடித்திருந்த ரிசீவரோடு தன் காதையும் ஒட்டிவைத்துக்கொண்டான்.

"கயிறு இறுகலியாடி? யாரும் பாக்கலியா?"

சந்தியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நடுங்குகிற கையால் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது பஸ்ல எங்கியோ அறுந்து வுழுந்துடுச்சு, சின்னம்மா. நைனா எவ்ளோ நேரம் தேடுச்சு தெரியுமா?"