முதலில் இறக்க வேண்டிய பை

எலியாஸின் அப்பா இறந்துபோன செய்தி எலியாஸுக்குத் தெரிவதற்கு முன்பே சுகந்தினிக்குத் தெரிந்துவிட்டது.

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு டைல்ஸ் கடைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவே, மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். தெருவில் போகிறவர்கள் யாரும் அங்கே விண்வெளி வேலை நடக்கிறது என்று நினைக்கமாட்டார்கள். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று பூமியைச் சுற்றிவரும் சிறிய விண்வெளி நிலையம் ஒன்றை நடத்தியது. சரக்குக் கலம் போய்ச் சேர்ந்ததும் எந்தப் பையை எப்போது இறக்குவது, நிலையத்தின் எந்த இடுக்கில் கட்டி வைப்பது, வெறுங்கலத்தில் எந்தக் குப்பையை ஏற்றி அனுப்புவது என்றெல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பது இவர்கள் வேலை. ஐரோப்பா தூங்கும் நேரம் ஆக்லாந்தில் பகல். அந்தப் பகல் முழுக்க நிலையத்தோடு சரக்கைப் பற்றிப் பேசுகிற குரல் சுகந்தினியுடையது.

மேலே மூன்று பேர் இருந்தார்கள். முறை வைத்துத் தூங்குவார்கள். எலியாஸ் விழித்திருக்கும்போது மற்ற இருவரும் உறக்கப் பைக்குள் இருப்பார்கள். அதனால் சரக்கு இறக்குகிற நாட்களில் அவனும் தனி, கீழே அவளும் தனி. நோர்வேயின் வடக்குக் கோடியில் பிறந்தவன். கையால் வேலை செய்துகொண்டே எதையாவது பேசிக்கொண்டிருப்பான். புதிய கலத்தின் கதவைத் திறந்ததும் ஆப்பிள் வாசம் வந்தது, ஒரு பெரிய பை கைநழுவிப் போய் விளக்கில் இடித்தது, இப்படி ஏதாவது. அங்கே எதற்கும் எடை கிடையாது. ஆனால் பெரிய பையைத் தள்ளிவிட்டால் அது தானாக நிற்காது. வழியில் கையை வைத்தால் நசுங்கும். இதையெல்லாம் சுகந்தினி அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

மனுரேவாவில் ஒரு யூனிட் வீட்டில் அவள் வாடகைக்கு இருந்தாள். கணவன் பிரிந்து பிரிஸ்பேன் போய் ஆறேழு வருடமாகிவிட்டது. மகள் லோஜனா டனீடினில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு சொல்லில், பதில் வரும். சில வாரங்களில், வாய் திறந்து பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் எலியாஸோடு பேசியதாகத்தான் இருக்கும்.

அன்று காலை அவள் பையை மேசையில் வைப்பதற்குள் வைஷாலி வந்து நின்றாள். கோயம்புத்தூர்க்காரி, வயதில் இளையவள், ஆனால் அந்தப் பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பானவள் அவள்தான்.

"அக்கா, ஹெட்செட் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். கிச்சனுக்கு வாங்க."

போனார்கள். வைஷாலி கதவைச் சாத்தினாள்.

"எலியாஸோட அப்பா இறந்துட்டார். இப்பக் கொஞ்சம் முன்னாடிதான். ஹார்ட் அட்டாக்."

"ஐயோ. அவருக்குச் சொல்லியாச்சோ?"

"இல்ல. தங்கச்சி, தானே சொல்லணும்னு கேட்டிருக்காங்க. அவங்க இப்பதான் காரெடுத்து அப்பா வீட்டுக்குப் போய்ட்டிருக்காங்க. அங்க விடிஞ்சதும் குழுவோட டாக்டரும் அவங்களும் தனி லைன்ல பேசுவாங்க. அதுவரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப இண்டைக்கு வேலையை நிப்பாட்டலாம்தானே?"

"நிப்பாட்டினா ஏன்னு கேப்பார் இல்ல? குளிர்ப்பெட்டிச் சாமான் வேற அப்படியே கிடக்கு. எடுத்து வைக்கலைன்னா வீணாப் போயிடும்."

"நாள் முழுக்க அவரோட கதைக்கிறது நான், வைஷாலி. தெரிஞ்சு வைச்சுக்கொண்டு என்னண்டு கதைக்கிறது?"

"தெரியுதுக்கா." வைஷாலி அவளைப் பார்க்காமல் கெட்டிலைத் தட்டிவிட்டாள். "ஆனா இன்னிக்கு வேற குரல் கேட்டாலே அவருக்குச் சந்தேகம் வந்துடும். எப்பவும் போலப் பேசுங்க. இன்னொண்ணு, அந்த வீட்டுப் பை. அதை இப்ப அவர் கையில கொடுக்க வேணாம்னு டாக்டர் சொல்றார்."

மேலே இருக்கிற ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து ஒரு சிறிய பை அனுப்ப அனுமதி உண்டு. எலியாஸுக்கு அதைக் கட்டிக் கொடுத்தது அப்பா. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று மகனுக்குச் சொல்லவில்லை. வந்ததும் திறந்து பார் என்று மட்டும் சொல்லியிருந்தார். கலம் கிளம்பிய நாளிலிருந்து எலியாஸ் அந்தப் பையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். புகைபோட்ட மீனாக இருக்கும் என்பான். மறுநாள், இல்லை, என் பழைய தொப்பியாக இருக்கும் என்பான். வீட்டுப் பைகளைக் கடைசியாகத்தான் ஏற்றுவார்கள். அதனால் அவை கதவை ஒட்டி இருக்கும். முதலில் இறங்க வேண்டியவையும் அவைதான்.

சுகந்தினி திட்டத்தைத் திறந்து அந்தப் பையின் எண்ணைக் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில் கொண்டுபோய்ப் போட்டாள். பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அதே நேரத்தில் வெவ்வேறு கண்டங்களில் எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"காலை வணக்கம், சுகந்தினி. இன்று எனக்குப் பிறந்தநாள் மாதிரி இருக்கிறது" என்றான் எலியாஸ்.

"வணக்கம் எலியாஸ். முதலில் குளிர்ப்பெட்டிப் பைகளைப் பார்த்துவிடலாம்." தன் குரல் எப்போதும் போல இருக்கிறதா என்று அவள் தானே காது கொடுத்துக் கேட்டாள். இருந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குளிர்ப் பைகள் இறங்கின. பழங்கள் இறங்கின. எலியாஸ் ஓர் ஆரஞ்சை மூக்கருகே பிடித்துக்கொண்டு அதன் வாசத்தை அவளுக்கு விவரித்தான். அவள் சிரித்தாள். மனிதரால் இதுவும் முடிகிறது என்று நினைத்தாள்.

"சுகந்தினி, என் பை கண் முன்னால்தான் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும். ஆனால் உங்கள் திட்டத்தில் அது கடைசியில் இருக்கிறதே?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை அவள் தயாராக வைத்திருந்தாள். "கலத்தின் எடைச் சமநிலைக்காக. முன்பக்கத்தில் இருப்பதைச் சிறிது நேரம் அப்படியே விடச் சொல்லியிருக்கிறார்கள்."

நிலையத்து மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சமநிலையா?" என்றான் பிறகு. "கலம் நிலையத்தோடு பூட்டிக் கிடக்கிறது. அது கிளம்புகிறபோதுதானே சமநிலை பார்க்க வேண்டும்? எனக்கே இதைச் சொல்லித் தந்தது நீங்கள்."

சுகந்தினியின் விரல், பேச அழுத்தும் பட்டன் மேல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். வைஷாலி, வேண்டாம் என்று தலையசைத்தாள். சுகந்தினி பட்டனை அழுத்தி, "இன்றைய திட்டம் அப்படித்தான் இருக்கிறது, எலியாஸ்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று விரலை எடுத்துவிட்டாள்.

மேலே இருந்தவன் முட்டாள் இல்லை. ஒரு மனிதனின் வீட்டுப் பையை ஏன் ஒளித்து வைப்பார்கள் என்று யோசிக்க அவனுக்கு வெகுநேரம் தேவைப்படவில்லை.

"சரி. அடுத்த எண்ணைச் சொல்லுங்கள்."

அவள் சொன்னாள். அவன் அவிழ்த்தான், நகர்த்தினான், கட்டினான், "முடிந்தது" என்றான். அதன் பிறகு ஆப்பிளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. எண், முடிந்தது. எண், முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவளும் எழவில்லை, அவனும் நிறுத்தவில்லை.

பிற்பகலில் ஒருமுறை கேட்டான். "நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்?"

"நீங்கள் முடிக்கிறவரை இருப்பேன்."

"நல்லது. நிறுத்தாமல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருங்கள். இடைவெளி விடாதீர்கள்."

அன்றைக்கு இறக்க வேண்டியவை தீர்ந்துபோயின. அவள் மறுநாள் பைகளின் எண்களை எடுத்துச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. வெவ்வேறு கண்டங்களில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் எலியாஸே, "போதும். டாக்டர் கூப்பிடுகிறார்" என்றான். இரைச்சல் அறுந்தது. வேறொரு தனி வழியில் அவனுடைய தங்கை அவனோடு பேசத் தொடங்கியிருப்பாள்.

கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மகளுக்கு அழைத்தாள் சுகந்தினி.

"மா, ஐ'ம் அட் நெட்பால். எவ்ரிதிங் ஓகே?"

"ஓம் பிள்ளை, ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான்."

"ஓகே. டாக் லேட்டர்."

எலியாஸுக்குச் சில நாட்கள் ஓய்வு கொடுத்தார்கள். அவன் மறுபடி வேலைக்கு வருகிற அன்று வைஷாலி மீண்டும் கிச்சன் கதவைச் சாத்தினாள். இம்முறை அவள் தொடங்குவதற்கே சிரமப்பட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கார். இனிமே சரக்கு லைன்ல வேற யாராவது பேச முடியுமான்னு. உங்க மேல கோபமே இல்லையாம். அதை மூணு தடவை சொல்லச் சொன்னாராம். ஆனா..."

"விளங்குது."

"நிஜமாவே..."

"விளங்குது வைஷாலி. எனக்கும் நடந்தது."

அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அவள் ஆக்லாந்து வந்து முதல் வருடம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சஞ்சீவன் பரீட்சை முடியும்வரை தினமும் போன் எடுத்து, "அம்மா நித்திரை, பிறகு கதையன்" என்றான். அப்போது அம்மாவைத் தகனம் செய்து முடித்திருந்தார்கள். அண்ணன் நல்லதுக்குத்தான் செய்தான் என்று அவளுக்குத் தெரியும். யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கும் அவன் "ஹலோ" என்றால் அவள் காதில் விழுவது "அம்மா நித்திரை" என்பதுதான். இதில் மன்னிக்க எதுவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்கத்தான் முடிவதில்லை.

அவளுடைய இடத்தில் கிரிஷான் உட்கார்ந்தான். மன்னாரில் பிறந்து ஹாமில்டனில் வளர்ந்தவன், கலகலப்பானவன், திறமையாகவே செய்தான். சுகந்தினி பின்வரிசை மேசைக்குப் போனாள். திட்டம் அவளுடையது, குரல் அவனுடையது. அவள் எழுதியதை அவன் வாசித்தான், மேலே எலியாஸ் நகர்த்தினான். ஹெட்செட்டில் இரண்டு குரலும் அவளுக்குக் கேட்கும். ஒருநாள் கிரிஷான் ஓர் எண்ணை மாற்றிச் சொல்லித் தடுமாற, எலியாஸ் சிரித்தான். அப்பா இறந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான் முதல் முறை. அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. கூடவே, இந்தச் சிரிப்பு தன்னிடம் வந்திருக்க வேண்டியது என்ற எண்ணமும் வந்தது. அதற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

காலியான பைகளைக் கணக்கில் கழிக்கும்போது எலியாஸின் வீட்டுப் பை மட்டும் வராமல் நின்றது. திறந்தானா, என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கே என்று கேட்டுச் சொல்லும்படி ஐரோப்பாவிலிருந்து இரண்டு முறை எழுதினார்கள். அது அவருடைய பொறுப்பில் இருக்கிறது, கேட்க வேண்டியதில்லை என்று சுகந்தினி பதில் எழுதி முடித்துவைத்தாள்.

வந்த கலம் குப்பையை நிறைத்துக்கொண்டு ஒரு நண்பகலில் கழன்று கிளம்பியது. நியூசிலாந்துக்குக் கிழக்கே, தீவுகளே இல்லாத பெருங்கடலுக்கு மேலே அது எரிந்து முடியும். அலுவலகத்தில் கைதட்டினார்கள். கிச்சனில் கேக் வெட்ட எல்லோரும் எழுந்து போனார்கள். "வாங்கக்கா" என்றாள் வைஷாலி. "நீங்க போங்கோ, இதை முடிச்சிட்டு வாறன்" என்றாள் அவள். ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

அப்போதுதான் குரல் வந்தது.

"ஆக்லாந்து, யாராவது இருக்கிறீர்களா?"

எலியாஸ். முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் காலி.

"ஆக்லாந்து?"

பட்டன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருக்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கையை நீட்டியவள் அதை மடக்கிக்கொண்டு எழுந்தாள். ஹெட்செட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே ஓடினாள். கிச்சன் வாசலில் மூச்சிரைக்க நின்று, "கிரிஷான், ஓடி வாங்கோ. கூப்பிடுறார்" என்றாள்.

அவன் வாய் நிறையக் கேக்கோடு ஓடினான். அவள் வாசலிலேயே நின்றாள். அங்கிருந்து கிரிஷான் பேசுவது மட்டும் கேட்டது. ஆமாம், இங்கே வெயில்தான், மேகமே இல்லை என்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து கையைத் துடைத்தான். "ஒண்டுமில்லை அக்கா. எங்களுக்கு மேலாலதான் போறாராம். முழு ஆக்லாந்தும் தெரியுதாம். எல்லாருக்கும் ஹாய் சொல்லச் சொன்னவர்."

"எல்லாருக்குமோ?"

"ஓம், எல்லாருக்கும்" என்றான் கிரிஷான். கேள்வியில் வேறெதுவும் இருப்பதாக அவன் நினைக்கவில்லை.

வைஷாலி ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினாள். சுகந்தினி வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் நின்றபடி சாப்பிட்டாள். கீழே டைல்ஸ் கடைக்கு வந்த லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கையைக் காட்டி, வா வா என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.