இடது காதுக்கு ஒரு கிளிப்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும்.

ஏல நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே என் மேஜை. விற்பனைக்கு வரும் பழைய நகைகளைச் சுத்தம் செய்வது, உடைந்ததை ஒட்டுவது, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு போலிக் கல்கூட என் கண்ணுக்குத் தப்பி மேடை ஏறியதில்லை. அந்தத் திமிரில்தான் சறுக்கினேன்.

அந்தத் தொங்கட்டான்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தன. துளி வடிவில் இரண்டு நீலக்கற்கள், என் கட்டைவிரல் நகத்தளவு. சுற்றிலும் பொடி வைரம். நான் லேசில் வாயடைத்துப்போகிறவள் இல்லை. அன்றைக்கு வாயடைத்துப்போனேன்.

ஒரு காலத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் படம் இல்லாமல் வாரப் பத்திரிகை வந்ததில்லை. அவர் பிஸ்கட் கம்பெனி வாரிசு. அந்த அம்மா மேடைப் பாடகி. இருவரும் ஒரு விருந்தில் வந்து இறங்கினால், விருந்து கொடுப்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊரே அவர்களை ‘நீல ஜோடி’ என்று சொல்லும். அந்த அம்மா மாதிரிக் கொண்டை போட்டுப் பார்த்துத் தோற்றுப்போன ஆயிரம் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. பிஸ்கட்காரர் இறந்து மூன்று வருடமாகிறது. இப்போது அந்த அம்மா விற்கக் கொடுத்திருந்தார்.

திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் பின்புறம் காதுத் துளையில் மாட்டுகிற தண்டும் திருகாணியும். மற்றதில் துளையில்லாத காதில் கவ்வுகிற மாதிரி ஒரு கிளிப். கிளிப்பின் தங்கம் சற்று வெளிறியிருந்தது. சரி, எப்போதோ திருகாணி தொலைந்திருக்கிறது, அவசரத்துக்கு எவனோ கையில் கிடைத்ததை ஒட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ‘ஒன்றில் பிற்காலப் பழுதுவேலை. நீக்கிச் சரிசெய்யப்பட்டது’ என்று அறிக்கை எழுதினேன். கிளிப்பை வெட்டி எடுத்து, மற்றதில் இருப்பதைப் போலவே ஒரு தண்டை லேசர் மிஷினில் வைத்து ஒட்டினேன். அச்சு அசல் ஜோடி.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஏல மேடையில் அவர்தான் நிற்பார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சுத்தியல். “இதுதான் கை! கைன்னா இது!” என்று என்னைப் புகழ்ந்துவிட்டு, விற்பனைப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினார். அதில் ஒரு முழுப் பக்கம். அந்த அம்மா இரண்டு காதிலும் நீலம் மின்ன நிற்கிற படம். கீழே, ‘அன்புக் கணவர் தன் மனைவிக்கு அளித்த பரிசு’.

ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு பொருள்களை மக்கள் பார்வைக்கு வைப்போம். முதல் நாளே அந்த அம்மா வந்தார். எழுபத்தைந்து இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இரண்டையும் உள்ளங்கையில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னோடது ரெண்டு இருக்கு. அவரோடது எங்க?”

எனக்குப் புரியவில்லை. சுத்தியலுக்கும் புரியவில்லை. புரியாதபோது அவர் அதிகமாகச் சிரிப்பார்.

“ஒண்ணு நான் போடுவேன், ஒண்ணு அவர் போடுவார். எனக்குக் காது குத்தியிருக்கு, அவருக்கு இல்ல. அதனாலதான் கிளிப். யாரு அதை எடுத்தது?”

“அது ரிப்பேர் வேலைங்க மேடம். சில்லறைப் பழுதை நாங்க சரிபண்ணலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க,” என்றார் சுத்தியல்.

“என் புருஷன் சில்லறைப் பழுதா?”

நான் முன்னால் போனேன். “நான்தாம்மா எடுத்தேன்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. “உன் மேஜை எங்க இருக்கு? எனக்கு உக்காரணும்” என்றார்.

என் அறையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“கல்யாணம் நிச்சயமாகி, இவர் இந்தக் கல்லை வாங்கினதும் ஊர்ல என்ன பேசினாங்க தெரியுமா? பாடகிய ரெண்டு கல்லுக்கு வாங்கிட்டான்னு. அவங்க வீட்டு ஆளுங்களே சொன்னாங்க. இவர் நேரா நகைக்காரர்கிட்ட போனார். ஒண்ணுல திருகாணி, ஒண்ணுல கிளிப் வைங்கன்னார். முதல் விருந்துல இடது காதுல மாட்டிக்கிட்டு வந்து நின்னார். ‘இப்ப சொல்லுங்க, யாரு யாரை வாங்கினது?’ன்னு கேட்டார். ஒருத்தர் முகத்துலயும் ஈயாடல.”

“படத்துல ரெண்டும் உங்க காதுலதானே இருக்கு?”

“எந்தப் படத்துலயாவது அவரோட இடது காதைப் பார்த்திருக்கியா? என் கொழுந்தன் பண்ண வேலை. கம்பெனி மானம் போயிடுச்சாம். பிஸ்கட் சாப்பிடறவங்க மனசு புண்படுமாம். பத்திரிகைக்குப் போற படத்துலெல்லாம் அந்தப் பக்கத்தை வெட்டினான். என் காதுல ரெண்டாவதை வரைஞ்சான். செத்தப்ப வந்த செய்தியிலயும் ‘மனைவிக்கு அளித்த பரிசு’ன்னு போட்டான். நான் பணத்துக்காக விக்கலம்மா. பொருளை வித்தா அதோட வரலாறை அச்சுல போடுவீங்க, ஊர் முன்னாடி படிப்பீங்க. அவர் அதைப் போட்டார்னு ஒரு இடத்துலயாவது வெளிய வரட்டும்னுதான் கொண்டுவந்தேன். சாட்சின்னு இருந்தது அந்தக் கிளிப் ஒண்ணுதான்.”

அந்த ஒற்றைச் சாட்சியைத்தான் நான் குறடால் வெட்டி எடுத்து, நல்ல வேலை செய்ததாகப் பாராட்டும் வாங்கியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய துணுக்கு எவ்வளவு சிறியதானாலும் எறிய மாட்டோம். ஏலம் முடியும்வரை அது பொருளின் சொந்தக்காரருடையது. எண் எழுதிய கவரில் போட்டு வைப்போம். கவரைப் பிரித்தேன். நாற்பது வருட அழுக்கு அப்பியிருந்த கிளிப்பை, முதல் நாளே செய்திருக்க வேண்டிய மாதிரி, கழுவினேன். மடிகிற இடத்தின் உட்புறத்தை லென்ஸில் பார்த்தேன். நகை செய்தவரின் முத்திரை இருந்தது. திருகாணி வைத்த தொங்கட்டானின் பின்னால் இருக்கிற அதே முத்திரை, அதே வரிசை எண்.

தலையில் அடித்துக்கொண்டேன். கிளிப் ஏன் வெளிறியிருந்தது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கிளிப் கவ்வ வேண்டுமானால் விசை வேண்டும். தொங்கட்டானின் தங்கம் அதற்கு மிருது. அதனால் வேறு உலோகம் அதிகம் கலந்த கெட்டித் தங்கத்தில் செய்வார்கள், நிறம் மாறும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே கற்றுக்கொண்ட பாடம். ஜோடி என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இரண்டும் ஒரு பெண்ணின் காதில்தான் இருக்க வேண்டும் என்று என் மூளை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. கண் பாவம், மூளை சொன்னதைப் பார்த்தது.

கிளிப்பைக் கொண்டுபோய்ச் சுத்தியலின் மேஜையில் வைத்தேன்.

“அப்படியே கவர்ல போட்டு மூடு” என்றார். “புத்தகம் அச்சாகி எல்லாருக்கும் போயாச்சு. அவங்க கொழுந்தனாரே வாங்க வர்றார். எவ்ளோ ஆனாலும் எடுக்கறேன்னு காலைலதான் போன் பண்ணார். பரிசுன்னு போட்டது ரொம்ப அழகா இருக்காம்.”

“வாங்கி என்ன சார் பண்ணுவார்? பெட்டகத்துல போட்டுப் பூட்டுவார்.”

“அது நம்ம தலைவலி இல்ல.”

“அறிக்கைல இருக்கறது என் கையெழுத்து. அது என் தலைவலிதான்.”

அவருக்குத் தெரியும், நான் எங்கே வருகிறேன் என்று. புத்தகம் அச்சான பிறகு தவறு தெரிந்தால், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் திருத்தச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால், அந்தப் பொருள் மேடைக்கு வரும்போது ஏலம் விடுகிறவர் அதை ஒரு வார்த்தை விடாமல் படித்தாக வேண்டும். படிக்காவிட்டால் விற்பனை செல்லாது. இந்த விதியை எங்களுக்கு எழுதிக் கொடுத்ததே சுத்தியல்தான். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதியிருப்பார் போல.

“உனக்குக் கிளிப் எது, ரிப்பேர் எதுன்னு தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுக்கப்போறியா? ஊர்ல இருக்கற அத்தனை நகைக்காரனும் அங்க உக்காந்திருப்பான். அதுக்கப்புறம் எவன் உன்னை நம்பிக் கல்லைக் குடுப்பான்?”

“அதைக் குடுக்கறவங்க பார்த்துக்கட்டும் சார்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

வீரமாகத்தான் சொன்னேன். மாடிப்படி ஏறினேன். வீட்டு வாடகை, அண்ணன் மகளுக்குக் கட்டுகிற கல்லூரிக் கட்டணம், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இருந்தாலும் உட்கார்ந்து எழுதினேன். பூசி மெழுகாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் தடவை ‘கவனக்குறைவால்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். கவனமாகத்தான் செய்தேன், கவனமாகத் தப்பு செய்தேன். அந்த அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, நான் ஒட்டிய தண்டை வெட்டிவிட்டு, கிளிப்பை அதன் இடத்திலேயே திரும்ப ஒட்டினேன். சீட்டின் ஒரு நகலைப் பதிவு மேஜையில் கொடுத்தேன், இன்னொரு நகலைப் பார்வைக்கூடச் சுவரில் ஒட்டினேன். சுவரில் இருந்தது பத்து நிமிடத்தில் காணாமல் போனது. இன்னொன்று ஒட்டினேன். அதுவும் போனது. ஐந்தாவதைக் கிழிக்க யாரும் வரவில்லை.

ஏல நாள் காலை பதினோரு மணிக்குக் கூடம் நிரம்பியிருந்தது. அந்த அம்மா முதல் வரிசை. கொழுந்தனார் நாலாவது வரிசையில், எண் எழுதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. நான் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

சுத்தியல் சீட்டை எடுத்தார். படித்தார் என்று சொல்வதா, மென்று விழுங்கினார் என்று சொல்வதா? மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு மூச்சில் முடித்துவிட்டார்.

“கேக்கலைங்க” என்றார் அந்த அம்மா.

மறுபடி படித்தார். இப்போது வேகம் குறைந்தது, சத்தமும் சேர்ந்து குறைந்தது.

“இன்னும் கேக்கல.”

கூடத்தில் சிரிப்பு. கொழுந்தனார் எழுந்துவிட்டார். “அண்ணி, இது குடும்ப விஷயம். இங்க வேண்டாம்.”

“இது மேடைக்கு வந்த பொருளைப் பத்தின விஷயம். உக்காருங்க தம்பி.”

அவர் உட்காரவில்லை. சுத்தியல் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின் வரிசையில் ஒரு நகைக்காரர் கையைத் தூக்கி, “சீட்டை முழுசா படிக்கலைன்னா நான் வாங்கினாலும் திருப்பிடுவேன் சார்” என்றார். அவருக்கு நீல ஜோடிமேல் பாசமெல்லாம் இல்லை, விதி தெரிந்த மனிதர், அவ்வளவுதான். அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

சுத்தியல் மைக்கை வாய்க்கு நேராக இழுத்தார்.

“‘இந்தத் தொங்கட்டான்களைப் பற்றிய அறிக்கை தவறு. தவறியவள் கீழே கையெழுத்திட்டுள்ள நான். கிளிப் பிற்காலப் பழுது அல்ல. நகை செய்தவரே செய்தது, அவர் முத்திரை அதில் உள்ளது. நான் வெட்டிய கிளிப்பை நானே திரும்பப் பொருத்தியிருக்கிறேன். பரிசு என்று அச்சிட்டதும் தவறு. ஒன்றை மனைவி அணிந்தார். மற்றதைக் கணவர் தன் இடது காதில், முதல் விருந்திலிருந்து சாகும்வரை அணிந்தார் என்று உரிமையாளர் உறுதி கூறுகிறார்.’”

அந்த அம்மா நிமிர்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது. சபையில் என் மூக்கு உடைந்த நாள் அது. அன்றைக்குப் போல நான் தலைநிமிர்ந்து நின்றதும் இல்லை.

ஏலம் தொடங்கியது. கொழுந்தனார் அட்டையை இறக்கவே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எத்தனை கொடுத்தாவது எடுத்துக்கொண்டு போய் மறைத்துவிட வேண்டும் என்கிற ஆத்திரம் அவருடைய கழுத்து நரம்பில் தெரிந்தது. சுத்தியல் மேஜையைத் தட்டினார். பொருள் கொழுந்தனாருக்கு.

அந்த அம்மாவோ நிதானமாக எழுந்தார். நாலாவது வரிசை வரை நடந்தார். கூடம் முழுக்க அவர்களையே பார்த்தது. கொழுந்தனார் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா குனிந்தார். ஆனால் மேடையில் பாடிய தொண்டை அது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

“ஒண்ணைப் போட்டுப் பாருங்க தம்பி. கிளிப்தான். வலிக்காது.”