ஜன்னல் பக்கத்துச் சக்கரங்கள்

ஜாக்கியின் கைப்பிடி நாலைந்து முறை ஏறி இறங்கியதும் பழைய வேனின் ஒரு பக்கம் மெல்ல மேலெழுந்தது. வேன்காரரின் அண்ணன், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து வந்து, கையிலிருந்த துணிப்பையை டயர்க்கடைக்காரரிடம் நீட்டினார். வாங்கியவர் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

"நட்டா?"

"இருபதும் இருக்கு."

இரும்புச் சக்கரத்தின் பழைய நட்டு அலாய் சக்கரத்தின் குழியில் சரியாக உட்காராது. அதற்கென்று தனி நட்டு வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி ஆசைப்பட்டு நாலு அலாய் சக்கரமும் டயரும் வாங்கி வந்தபோது இந்தப் பையும் கூட வந்தது. மறுநாளே காணாமல் போயிற்று. அன்றிலிருந்து அது ஸ்டேஷன் மாஸ்டரின் பீரோவில், கம்பளிச் சால்வைக்கு அடியில் இருந்தது.

அதை அவர் திருட்டு என்று நினைத்ததில்லை. அப்பா வந்தால் தெருவே எழுந்து நின்ற குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்த தம்பி ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினான். உழைத்துத்தானே சாப்பிடுகிறான் என்று பொறுத்துக்கொண்டார். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், பத்தொன்பது வருஷத்து வண்டிக்கு, மீசை முளைக்கிற பையன்கள் மாட்டுகிற மாதிரி பளபளவென்று பெரிய சக்கரமா? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கின கதை. நாலு பேர் சிரிப்பார்கள். தம்பி வீட்டையெல்லாம் தேடினான். பிறகு தேடவில்லை. சக்கரங்கள் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன.

நேற்று மாலை தம்பியைப் பார்த்துவிட்டு டாக்டர் வாசல்வரை வந்து, இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று விடிந்ததும் டயர்க்கடைக்குப் போன் செய்தது ஸ்டேஷன் மாஸ்டர்தான்.

டயர்க்கடைக்காரர் நட்டுகளைத் தகரத் தட்டில் கொட்டினார்.

"இந்த நட்டு நம்ம கடையில பெட்டி பெட்டியா கிடக்குண்ணே. அன்னிக்கே எடுத்து நீட்டினேன். உங்க தம்பி வாங்கல."

"ஏன்?"

"'எங்கண்ணன்கிட்ட இருக்கு, அவரா எடுத்துக் குடுக்கட்டும்'னுட்டார். நடுவுல ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன். 'சக்கரம் எங்க ஓடிடப் போகுது'ன்னு சிரிச்சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அது போட்டபடிதான் இருந்தது.

"வேலையைப் பாருங்க" என்றார்.

"ஜன்னல் பக்கத்து ரெண்டையும் முதல்ல முடிச்சுடறேன். படுத்திருக்கிறவர் கண்ணுக்கு இந்தப் பக்கம்தானே தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சக்கரம் பெரிசு. நிறைய ஆளை ஏத்திக்கிட்டு முழுசா ஒடிச்சுத் திருப்பினா உள்பக்கம் உரசும். அவருக்கும் அது தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கினான்?"

"அழகு வேணும்னா கொஞ்சம் உரசத்தான் செய்யும்னார்."

உள்ளே, கட்டில் ஜன்னலோரம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. தம்பிக்கு முதுகில் மூன்று தலையணை. தம்பியின் மகள் ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தபடி இருந்தாள். பெரியவரைக் கண்டதும் மகள் எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் உட்காரவில்லை, உட்கார்ந்தாலும் சாய மாட்டார்.

வெளியே முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்சக்கரத்தை டயர்க்கடைக்காரர் தூக்கிப் பொருத்தி, நட்டுகளை முதலில் விரலால் சுற்றி, பிறகு ஸ்பேனரை வைத்து ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்கினார். ஜாக்கி இறங்க, வெயில் பட்டு இரண்டும் மின்னின. வண்டி அதே பழைய வெளிறிய வண்டிதான். ஆனால் புதுச் செருப்புப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி நின்றது.

தம்பி நெடுநேரம் பார்த்தான்.

"பதினாறு அங்குலம்ணே" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ம்."

"எப்படி இருக்கு?"

ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் உள்ளே வரும்போதே தயாராக இருந்தது. அது வரவில்லை.

"நல்லா இருக்குடா."

தம்பியின் கண் இடுங்கியது. சிரிக்கிறான் என்று மனைவிக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஒரு தடவை சொன்னா போதும்."

"ரெண்டு வருஷம் ஆச்சு, இந்த ஒண்ணை வாங்க" என்றான் தம்பி. பிறகு மகளைப் பார்த்து, "என்னை இதுலயே கொண்டு போங்க. நீயே ஓட்டு. கிளட்ச்சை மெதுவா விடணும்" என்றான். "சரிப்பா" என்றாள் அவள்.

டயர்க்கடைக்காரர் ஜாக்கியை எதிர்ப் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது சக்கரம் ஏறியது. நாலாவதற்காகப் பழையதைக் கழற்றி ஓரமாக உருட்டி வைத்தபோது உள்ளேயிருந்து மகளின் குரல், "பெரியப்பா" என்று ஒரே ஒரு முறை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டேஷன் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். கையைத் துடைக்கிற துணி கையிலேயே இருந்தது.

"பழைய சக்கரத்தையே மாட்டி இறக்கிடட்டுமாண்ணே? ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க."

"மூணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரியாவா என் தம்பியை அனுப்பி வைக்கிறது?"

அடுத்த தெருவிலிருந்த தங்கையும் அவள் கணவரும் அதற்குள் வந்துவிட்டார்கள். தங்கை உள்ளே ஓடினாள். ஸ்பேனர் சத்தம் கேட்டுக் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், துக்க வீட்டு வாசல்ல இதென்ன பட்டறை? பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

நாற்பது வருஷமாக ஸ்டேஷன் மாஸ்டர் பிறரிடம் கேட்டுவந்த கேள்வி அது. அடுத்தவர் தன்னிடம் கேட்டால் எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"எங்க வீட்டு வேலை பாதியில நின்னதில்ல மாப்பிள்ளை. அந்த நட்டுத் தட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

மாலை நாலு மணிக்கு, பின் இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் தம்பியைக் கிடத்தினார்கள். சுற்றிலும் எட்டுப் பேர் ஏறினார்கள். மகள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். பெரியவர் முன் இருக்கையில் ஏறினார். அந்த வண்டியில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. வழியில் ஆலையின் வாசலில் வேலை முடிந்து நின்றவர்கள் முதலில் சக்கரத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "கடைசியில மாட்டிட்டாருப்பா" என்றார். தொப்பியைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை.

ஆலையைத் தாண்டியதும் தெருமுனையில் வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்பியபோது சக்கரத்தின் உள்ளேயிருந்து கறகறவென்று உரசுகிற சத்தம் வந்தது. மகள் பிரேக்கை மிதித்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாரும் இறங்குங்க" என்று பின்பக்கம் திரும்பிச் சொன்னார் ஸ்டேஷன் மாஸ்டர். "திருப்பம் முடியிற வரைக்கும் நடக்கலாம்."

"இந்த வெயில்லயா மச்சான்?"

"அவனுக்காகப் பத்தடி நடந்தா நீங்க ஒண்ணும் இளைச்சிடமாட்டீங்க."

முதலில் அவரே இறங்கினார். தம்பியை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி சத்தமே இல்லாமல் திரும்பி, நேர் சாலையில் போய் நின்றது. மற்றவர்கள் பின்னால் நடந்து போய் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

"பெரியப்பா, ஏறுங்க" என்றாள் மகள்.

"இதோ வர்றேம்மா."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனார். அந்தப் பக்கத்து முன்சக்கரத்தில், அவசரத்தில் மாட்டிய நாலாவதில், கிரீஸ் பட்ட விரல் தடம் ஒன்று இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்தார். முழங்காலில் ஒரு கையை ஊன்றி, நன்றாகக் குனிந்து, தடம் போகிறவரை துடைத்தார். பிறகு கறை உள்ளே போகும்படி கைக்குட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

மகள் கிளட்ச்சை மெதுவாக விட்டாள்.