நிலம் நேரில் ஆஜர்

ஆசிபா தன் கதையை வாசித்து முடித்தபோது வாசகர் வட்டத்தில் வந்திருந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராதாமணி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடுவார்கள். கூட்டுகிறவர் சுடலைராஜ் அண்ணாச்சி. எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், நல்ல வாசகர். ஆசிபா இ-சேவை மையமும் ஜெராக்ஸும் சேர்ந்த சின்னக் கடை ஒன்றை நடத்துகிறாள். ஆறு வருடமாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறாள் என்றாலும் கதை என்று அவள் எழுதியது இதுதான் முதல். ஒரு சிற்றிதழில் அந்த மாதம்தான் வந்திருந்தது. தலைப்பு, ‘நிலம் நேரில் ஆஜர்’.

கதை இதுதான். மாடசாமி என்ற விவசாயி உளுந்து விதைக்கிறார். மழை ஏமாற்றிவிட, பயிர் கருகிவிடுகிறது. காப்பீட்டு இழப்பீடு கேட்டு அலுவலகம் போனால், “உம்ம ஊருக்கு ஐப்பசியில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் மழை பெய்திருக்கிறது” என்கிறார்கள். மழைமானி இருப்பது பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, அதே அலுவலகத்தின் வளாகத்தில். என் நிலத்தில் ஒரு சொட்டு விழவில்லையே என்கிறார் மாடசாமி. நிலம் மழைமானிக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறார் அதிகாரி. மாடசாமி தன் நிலத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறுகிறார். நிலத்துக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று கண்டக்டர் குழம்புகிறார். அலுவலகத்தில் நிலத்திடம் ஆதார் கேட்கிறார்கள். கடைசியில் மழைமானியின் அருகே வைத்த சாக்கில் மழை விழுந்து ஒற்றை உளுந்து முளைக்கிறது. ‘விளைச்சல் அமோகம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

“ஏ அம்மா, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது” என்றார் சுடலைராஜ். “டீச்சர், நீங்க என்ன ஒண்ணும் சொல்லாம இருக்கிய?”

“எனக்குச் சிரிப்பு வரல அண்ணாச்சி.”

“இது அங்கதம்லா? சிரிக்கதுக்குத்தான எழுதியிருக்கு?”

“யாரப் பாத்துச் சிரிக்கோம்னு ஒரு தடவ யோசிச்சியளா? ஆபீசர் வருத எடத்துல நீங்க லேசாத்தான் சிரிச்சிய. அந்த ஆளு கிழிஞ்ச பனியனும் பொளந்த வாயுமா நிக்காருன்னு வந்துச்சு பாருங்க, நாலாவது பத்தி, அங்கதான் மாடி அதிருத மாதிரிச் சிரிச்சிய.”

சுடலைராஜுக்கு முகம் சிவந்தது. “ஏழைன்னா அவன் கதைல அழுதுகிட்டேதான் இருக்கணுமா டீச்சர்? அவனுக்கு ஒரு கோமாளித்தனம் இருக்கக் கூடாதா? நம்ம எல்லாருக்கும் இருக்குல்லா?”

“இருக்கலாம். அவரே சொல்லிச் சிரிச்சா இருக்கலாம்.”

அங்கே தொடங்கிய சண்டை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் ஓடியது. டீச்சருக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது என்று ஒருவர் எழுதினார். நகரத்தில் உட்கார்ந்து கிராமத்தைக் கிண்டலடிக்கும் எழுத்து என்று இன்னொருவர் எழுதினார். சிரித்தவர்களில் மூன்று பேர் டீச்சர் பக்கம் போய்விட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே வெளியேறினார்.

ஆசிபா ஒரு வரியும் எழுதவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. சாக்கில் மண்ணோடு வந்த மனிதரை அவள் கற்பனை செய்யவில்லை.

மார்கழியில் ஒருநாள் கண்ணுசாமி அவள் கடைக்கு வந்திருந்தார். கடம்பூருக்குக் கிழக்கே ஊசிமேட்டுப்பட்டிக்காரர். ஆடுகளும் கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. வருடா வருடம் பயிர்க் காப்பீட்டுக்கு அவருக்கு விண்ணப்பம் பதிந்து கொடுப்பது அவள்தான். அன்று தோளில் ஒரு சாக்கு இருந்தது. பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கும்வரை அதைக் கடை ஓரத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உள்ளே என்ன என்று கேட்டாள். “எங்க மண்ணு தாயி. ஆபீசுக்குக் கொண்டு போறேன். மழ பெஞ்ச மண்ணா இதுன்னு அவங்களே பாக்கட்டும்.” அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மீதியை அவள் எழுதினாள். கிழிந்த பனியனும் அவள் எழுதியதுதான். கண்ணுசாமி அன்று துவைத்து வெளுத்த சட்டைதான் போட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

“தாயி, நம்ம கதைய எழுதிட்டியாமே? டீக்கடைல போனப் பாத்துப் படிச்சுக் காட்டுனாங்க.”

“அண்ணாச்சி, பேரக்கூட மாத்தித்தான்...” என்று இழுத்தாள் ஆசிபா.

“பேர மாத்துனா என்ன, சாக்கத் தூக்கிக்கிட்டுப் போன ஆளு இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான? வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வாயேன்.”

கோபமா இல்லையா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். வழியில் கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு, மன்னிப்புக் கேட்கப் போகிறவள் பலகாரத்தோடு போனால் சமாளிக்க வந்தது போல இருக்குமோ என்றும் தோன்றியது.

ரோட்டின் இரண்டு பக்கமும் மண் வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கை நுழையும்.

கண்ணுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். “வா தாயி, வா. வண்டிய அந்த வேம்படிக்குத் தள்ளிவிடு, சீட்டு சுட்டுரும்.” கட்டிலில் உட்காரவைத்தார். அவள் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். “நெலத்துக்கு அர டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு கேக்கான் பாரு, அங்கன எனக்குப் பொரையேறிட்டு. டீக்கடையே சிரிச்சுது. ரெண்டாம் தடவ படிக்கச் சொல்லிக் கேட்டோம்.”

“ஒங்களுக்கு வருத்தமில்லையா அண்ணாச்சி?”

“எதுக்கு வருத்தம்? நாலு பேரு சிரிக்காங்க, நல்லதுதான?”

அப்போது அவர் மனைவி சீனித்தாய் ஆட்டுக் கொட்டத்திலிருந்து வந்தாள். ஆட்டுக்கு ஒடித்து வைத்திருந்த வேப்பங்குழையைக் கீழே போட்டாள். ஆசிபாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போளிப் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“எனக்குச் சிரிப்பு வரலம்மா” என்றாள்.

“ஏட்டி, வீடு தேடி வந்த பிள்ளகிட்ட...” என்றார் கண்ணுசாமி.

“இருங்க. அன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு இவிய ஒங்கிட்டச் சொன்னாவளா?”

“இல்லக்கா. சாக்கோட போனது வரைக்கும்தான் தெரியும்.”

“சாக்குல ஓட்ட இருந்திருக்கு. தரையெல்லாம் மண்ணு கொட்டிட்டு. நீயே பெருக்கிட்டுப் போன்னுட்டாங்களாம். வாரியல் குடுக்கல. தோள்ல கெடந்த துண்டால கூட்டி அள்ளியிருக்காவ. அவ்வளவு பேரும் பாத்துட்டு நின்னுருக்காங்க. சாக்கப் பிரிச்சு மண்ணப் பாக்கல ஒருத்தரும்.”

கண்ணுசாமி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “அத எதுக்கு இப்ப எடுக்கே?”

“வீட்டுக்கு வந்து துண்டத் தண்ணில போட்டாவ. அந்தச் சொவத்தப் பாத்து உக்காந்தவியதான். ஆடு பூராக் கத்துது, எந்திரிக்கல. பொழுது அடையுத வரைக்கும் ஒரு வார்த்த பேசல.”

கண்ணுசாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சிரிச்சாத்தான் தாயி அது கதை. சிரிக்கலன்னா அது எனக்கு நடந்ததுல்லா” என்றார். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

டீச்சர் மாடியில் சொன்னபோது தனக்கு வந்த எரிச்சலை ஆசிபா நினைத்தாள்.

“தப்புதான்க்கா. தூக்கிரச் சொன்னாத் தூக்கிருதேன். அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டா இணையத்துல இருந்து எடுத்துருவாங்க.”

“தூக்கி என்ன செய்ய? ஊரு பூராப் படிச்சாச்சு.” சீனித்தாய் கட்டிலின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். “அந்தச் சாக்கக் கொண்டு போகச் சொன்னது யாருன்னு நெனைக்கே?”

“அண்ணாச்சி தானா...”

“நான்தான். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, மண்ணக் கொண்டு போய்க் காட்டும்னேன். ஒரு முழம் ஆழத்துல இருந்து வெட்டி எடுத்தேன். அதக் கைல வாங்குனா யாருக்கும் தெரியும், ஈரம் எட்டிக்கூடப் பாக்கலன்னு. வெட்டுனதும் அள்ளுனதும் நான். ஓட்டையப் பாக்காமக் கட்டிக் குடுத்ததும் நான்தான்.”

ஆசிபா அவளைப் பார்த்தாள். சீனித்தாயின் கண் கலங்கவில்லை. அதில் கோபம்தான் இருந்தது.

“ஒன் கதைல அந்த மனுசனுக்குப் பொண்டாட்டியே இல்லையே. தன்னால ஒரு கிறுக்கு வந்து மண்ண அள்ளிட்டுப் போறாரு. நான் சொன்னது ஒனக்குக் கிறுக்குத்தனமாவா தெரிஞ்சுது?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல. அண்ணாச்சி சொன்னதும், எப்பேர்ப்பட்ட புத்தி இதுன்னு தோணுச்சு. அதனாலதான் எழுதவே உக்காந்தேன்.”

“அப்போ அப்பிடி எழுதியிருக்கணும்லா?”

எழுதும்போது சிரிப்பு குறைகிறதோ என்று பயந்துதான் ஆசிபா நாலாவது பத்தியைச் சேர்த்தாள். கிழிந்த பனியன் எளிதாகக் கிடைத்தது. அதை அப்படியே சீனித்தாயிடம் சொன்னாள். சீனித்தாய் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உள்ளே போய்ப் போளியை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தாள்.

கிளம்பும்போது ஸ்கூட்டி வரை வந்தாள். “திரும்ப எழுதுனா எழுது. துண்டு விசயத்த மட்டும் எழுதிராத. அது அவியளோடது.”

ஆசிபா மூன்று வாரம் எழுதினாள். கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில், விண்ணப்பத் தாள்களின் பின்பக்கத்தில். நாலாவது பத்தி போனது. மாடசாமிக்குப் பேச்சியம்மா என்று ஒரு மனைவி வந்தாள். சாக்கோடு அவளும் பஸ் ஏறினாள். அலுவலகத்தில் மாடசாமி பேசவில்லை, அவள்தான் பேசினாள். அதிகாரி ஸ்கேலை எடுத்துக்கொண்டு சாக்கு மண்ணுக்குள் அறுபத்திரண்டு மில்லிமீட்டரைத் தேடினார். சிற்றிதழ்க்காரர்கள், வந்த கதையை மறுபடி போட இயலாது என்று மரியாதையாக எழுதிவிட்டார்கள். அவளே தன் கடையில் இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, பங்குனிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணுசாமி வீட்டுக்கும் போனில் தகவல் சொன்னாள். வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சீனித்தாய் மட்டும் வந்தாள். ஆடுகளை யாராவது பார்க்க வேண்டும் என்று கண்ணுசாமி தங்கிவிட்டாராம். கடைசி நாற்காலியில் மடியில் பையை வைத்து உட்கார்ந்தாள். தன்னை யார் என்று சொல்ல வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆசிபா வாசித்தாள். முதல் தடவை அதிர்ந்த மாடி இந்தத் தடவை அப்படி அதிரவில்லை. கண்டக்டருக்குச் சிரித்தார்கள். ஸ்கேலுக்குச் சிரித்தார்கள். நிலத்துக்கு ஆதார் இருக்கிறதா, கைரேகை வைக்குமா என்று அதிகாரி கேட்கும் இடம் வந்தது. பேச்சியம்மா சாக்கை அவர் மேசைமேல் தூக்கி வைத்து, “கைரேகதான வேணும்? எங்க காட்டுல உழுத சாலு வரி வரியா இருக்கு, வந்து ஒத்தி எடுத்துக்கிடுங்க” என்கிறாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், கடைசி வரிசையிலிருந்து தனியாக ஒரு சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்து, நிற்காமல் மறுபடியும் வந்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசித்து முடிந்ததும் சுடலைராஜ்தான் முதலில் பேசினார். “தப்பா எடுத்துக்காதம்மா. மொதல்ல எழுதுனதுதான் கதை. இது நேர்மையா இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தச் சிரிப்பு கொறஞ்சு போச்சு.”

“கொறையட்டும்” என்றார் ராதாமணி டீச்சர். “எனக்கு இப்பவும் சிரிப்பு வரல. கோவம் வருது. அந்த ஆபீசர் மேல வருது. போன தடவ ஒன் மேல வந்துச்சு ஆசிபா.”

“அப்போ ஒங்களுக்குச் சிரிப்புக் கதையே வேண்டாம் டீச்சர்” என்றார் சுடலைராஜ்.

“நான் அப்பிடிச் சொல்லல.”

மறுபடியும் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். பின்னால் இருந்த அம்மா சிரித்தார்களே, அவர்களைக் கேட்கலாம் என்றார் சுடலைராஜ்.

எல்லாரும் பார்த்தார்கள். சீனித்தாய் எழுந்து நின்றாள். “எனக்கு அந்தப் பொம்பள பேசுனது பிடிச்சிருந்துச்சு” என்றாள். “நெசத்துல அந்த எடத்துல வாயே வராது. பெறகு வீட்டுக்கு வந்து ராத்திரியும் பகலும் நெனப்போம்லா, இப்பிடிச் சொல்லியிருக்கலாமேன்னு. அதச் சொல்லிட்டா.” கடிகாரத்தைப் பார்த்தாள். “எனக்கு அஞ்சே முக்காலுக்குப் பஸ்ஸு.”

ஆசிபா அவளோடு இறங்கினாள். படியில் இறங்கும்போதும் மேலே சுடலைராஜும் டீச்சரும் பேசும் சத்தம் கேட்டது. பஸ் நிலையத்தில் கடம்பூர் வண்டி நின்றிருந்தது. சீனித்தாய் ஜன்னலோர இடம் பிடித்துப் பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி என்ன சொல்லுவாங்கக்கா, இதப் படிச்சா?”

“அவியளுக்குப் பழசுதான் பிடிக்கும். அந்தப் பனியன் பேச்சுக்குக்கூடச் சிரிச்சாவ. நான் எங்க கிழிஞ்ச பனியன் போட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ.” அவள் தலையை ஆட்டினாள். “அவியளுக்கு அப்பிடி. எனக்கு இப்பிடி. அடுத்து என்ன எழுதப் போற?”

“தெரியலக்கா.”

“எழுது. எழுதுததுக்கு முன்னாடி ஒரு போன் போடு.”

டிரைவர் ஏறினார். சீனித்தாய் ஜெராக்ஸ் தாள்களை மடியில் எடுத்து வைத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். வண்டி திரும்பி வெளியே போகும்வரை அவள் தலை நிமிரவில்லை. ஆசிபா அங்கேயே நின்று பார்த்துவிட்டு, சண்டை இன்னும் நடக்கிறதா என்று பார்க்க மாடிக்குத் திரும்பினாள்.