யார் பேரில்

வங்கி அதிகாரி நூர் ஃபாத்திஹா கணினித் திரையை அமலம்மாள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அறுபத்தொரு வயதில் கடன் வாங்கினால் எழுபதுக்குள் கட்டி முடிக்க வேண்டும். மாதத் தவணை அவருடைய பென்ஷனையே விழுங்கிவிடும். மகன் பிரையன் பெயரில் எடுத்தால் நீண்ட காலம் கிடைக்கும், தவணையும் பாதியாகும்.

வாங்க நினைத்தது பத்து காவான் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீடு. தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விட்டு, தவணை போக மிஞ்சுவதை ஸ்டெஃபனிக்குச் சேர்த்து வைக்க வேண்டும். ஸ்டெஃபனி பிரையனின் அக்கா. முப்பத்தாறு வயதிலும் குழந்தைபோல் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொள்கிறவள். கணவர் விட்டுப்போன பணத்தை அமலம்மாள் முன்பணத்துக்கென்றே தொடாமல் வைத்திருந்தார்.

நூர் ஃபாத்திஹா மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னாள். இது பிரையனின் முதல் வீடாகக் கணக்காகும். முதல் வீட்டுக்குரிய சலுகைகள் அதோடு போய்விடும். பின்னால் அவர் குடியிருக்க வீடு வாங்கினால், இந்தக் கடனைக் கழித்துத்தான் வங்கி கொடுக்கும்.

அமலம்மாளுக்கு இது தெரியாது. பின்வரிசையில் ஸ்டெஃபனியோடு ரூபினி உட்கார்ந்திருந்தாள். ஜனவரியில் பிரையனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். செபராங் ஜெயாவில் வாசலோடு ஒரு தரைவீடு பார்த்து, போன வாரம்தான் படம் அனுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணின் பானையில் கைவிட்டு அகப்பட்டுக்கொண்டதுபோல் அமலம்மாளுக்குக் கூசியது.

"வேணாம்யா. எழுந்திரு, போவோம்."

"உட்காருங்கம்மா," என்றான் பக்கத்து நாற்காலியிலிருந்த பிரையன். ஆனால் அவன் கண் பின்னால் போனது. அம்மாவுக்கு ஒரு லோன் என்பதற்கு மேல் ரூபினியிடம் அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரூபினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, பின்னால் தன் பெயரில் மட்டும் ஒரு வீடு வாங்கினால் அந்தச் சலுகைகள் தனக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றாள் நூர் ஃபாத்திஹா. ஆனால் ஒரே சம்பளத்தில் பெரிய வீடு முடியாது.

"அப்ப என் பேரு சும்மாதானே இருக்கு. அதுல வாங்கிக்கலாம். சின்ன வீடு போதும் லா."

"எனக்குச் சின்ன வீடு நீயே பார்த்து வைக்கிறியா?" என்றான் பிரையன்.

அமலம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காரணம் தெரியாமலே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஸ்டெஃபனி.

பிரையன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது அமலம்மாள் ரூபினியை வெளியே அழைத்துப் போனார்.

"உங்க வீட்ல கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"கேப்பாங்க ஆன்ட்டி. சண்டையும் வரும். நான் பேசிக்கிறேன்." அமலம்மாளை நேராகப் பார்த்தாள். "ஆனா இனிமே இந்த மாதிரின்னா என்கிட்ட மொதல்ல சொல்லுங்க. பேங்க்ல வந்து உட்கார்ந்து நான் தெரிஞ்சுக்க வேணாம்."

அமலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடன் கிடைக்குமா என்று தெரிய இரண்டு வாரமாகும் என்றார்கள். எதற்கும் வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பிரையன் காரை, கடலைக் கடந்து பத்து காவானுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏற்றினான். பின்சீட்டில் ஸ்டெஃபனி ரூபினியின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து ரூபினியின் புதுச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. அமலம்மாள் முன்சீட்டிலிருந்து கைக்குட்டையை நீட்டினார்.

"தூங்கட்டும்," என்று உதட்டசைவில் சொன்னாள் ரூபினி. இருபுறமும் கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அவள் தோளை அசைக்காமல், மற்ற கையை உயர்த்தி ஸ்டெஃபனியின் முகத்துக்கு நிழல் பிடித்தாள்.