ஊதிப்போன போனும் பத்துப் பேர்ச்சஸ் காணியும்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனில் யாகோப்புவின் தகரப்பெட்டியை அறியாதவர்கள் கிடையாது. அதற்குள் நாற்பத்து மூன்று சார்ஜர் வயர்கள், ஏழு ரிமோட்டுகள், வாயைத் திறந்தபடி செத்துப்போன ஒரு டிவிடி பிளேயர், எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய ஒரு பட்டன் போன். வயர்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக் கிடந்த கிடையில், ஒரு தடவை உள்ளே விழுந்த கோழியை வெளியே எடுக்க மூன்று நாள் ஆயிற்று. வெளியே வந்த கோழி கொக்கரிக்கவில்லை. நாலு தரம் ‘பீப்’ என்று சொல்லிவிட்டு முட்டையிட்டது. நம்பாதவர்கள் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் விசாரிக்கலாம். முட்டையைத் தின்றவர்கள் இன்னும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

பெட்டியின் உயிர் அந்தப் போனில் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னே, தேர்தல் கூட்டத்தில் ஒரு தலைவர், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு, மாதா சுரூபத்துக்குக் கீழே தரிசாகக் கிடக்கிற நிலத்தில் லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வீடு கட்டிக்கொள்ளப் பத்துப் பேர்ச்சஸ் காணி என்று வாக்குக் கொடுத்தார். சனம் கைதட்டியது. யாகோப்பு மட்டும் கைதட்டாமல் போனை நெஞ்சோடு பிடித்து அந்தப் பேச்சைப் பதிந்துகொண்டார். தலைவர் வென்றார். பிறகு, “அப்படி நான் சொல்லவே இல்லையே” என்றார்.

“சொன்னதுக்கு என்கிட்ட சாட்சி இருக்கு” என்று யாகோப்பு வீட்டுக்கு ஓடினார். போன் செத்திருந்தது. சார்ஜரைக் காணோம்.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம்தான். பதுளை பஸ் ஸ்டாண்டு, வெலிமடைச் சந்தை, ஹாலிஎலவில் ஒரு கலியாண வீடு, எங்கே ஒரு பழைய வயர் கிடந்தாலும் அது அவருடைய சட்டைப்பைக்குள் வந்தது. ஒன்றாவது அந்தப் போனின் மூக்குக்குள் போகவேண்டுமே! கடையில் கொடுத்துப் பார்க்கலாமே என்றால், “கடைக்காரன் தலைவருக்கு ஆள் இல்லேன்னு நீ சத்தியம் பண்ணுவியா?” என்பார். அப்படிச் சத்தியம் பண்ண லயத்தில் யாரும் முன்வரவில்லை.

போன வருசத்திலிருந்து போன் ஊதத் தொடங்கியது. முதுகு வளைந்து, மூடி பிளந்து, இப்போது றப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருந்தார்.

“மாமா, அது பற்றரி வீங்குறது. மேல் டிவிசன்ல இப்படித்தான் ஒண்ணு வெடிச்சு மெத்தை எரிஞ்சுச்சு. எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க” என்று மருமகள் ஜெனிற்றா கெஞ்சினாள்.

“வெடிக்காது. தலைவர் குடுத்த வாக்கு உள்ளேயே கெடந்து பெருகுது” என்றார் யாகோப்பு.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதர் ஓர் அறிவித்தல் வாசித்தார். வருகிற சனிக்கிழமை பதுளையிலிருந்து ஒரு வேன் வரும். வீடுகளில் பாவிக்காமல் கிடக்கும் வயர், போன், ரேடியோ, பற்றரி எதையும் அடுப்பிலோ ஆற்றிலோ போடாமல் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். முறைப்படி உடைத்துப் பிரிக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். காசு கேட்கமாட்டார்கள், காசு தரவும் மாட்டார்கள்.

யாகோப்புவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “குப்பையை எதுக்கு ஒருத்தன் டீசல் அடிச்சு வந்து ஏத்தணும்?”

“எல்லா ஊர்லயும் எடுக்குறாங்களாம் மாமா” என்றாள் ஜெனிற்றா.

“எடுப்பான். இந்த ஒரு போனுக்காக நாடு பூரா எடுப்பான். நேரா வந்து கேட்டா நான் உசாராயிருவேன்ல?”

சனிக்கிழமை வந்த வேனின் கண்ணாடியில் பழைய தேர்தல் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. முகம் கிழிந்து மீசை மட்டும் மிச்சம். அது தலைவரின் மீசைதான் என்று யாகோப்பு ஒரு மைல் தூரத்தில் வைத்தே அடையாளம் கண்டார். வேனை விட்டு இறங்கியவன் முன்ஸிப். பதுளைக் கடைத்தெருவில் போன் திருத்துகிறவன், முப்பது வயது, நல்ல சிரித்த முகம். சிரித்த முகம் யாகோப்புவின் சந்தேகத்தை இன்னும் ஒரு பிடி கூட்டியது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற அதே கொக்கியில் முன்ஸிப் தன் தராசை மாட்டினான். சாமான்களைக் கொண்டுபோய் இறக்குகிற இடத்தில் எடை சொல்லவேண்டுமாம். அடுத்த வீட்டு றோய் முதல் சாக்கைத் தூக்கி மாட்டினார்.

“பதினொரு கிலோ” என்று முன்ஸிப் எழுதினான்.

றோய் தராசைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், முன்ஸிப்பைப் பார்த்தார். “கழிவு எவ்வளவு தம்பி?”

“என்ன கழிவு?”

“வெட்டலையா?”

“எதுக்கு வெட்டணும்? பதினொண்ணு ஈக்கு, பதினொண்ணு எழுதிட்டேன்.” அவன் பேச்சில் ‘இருக்கு’ எல்லாம் ‘ஈக்கு’தான்.

நூற்றைம்பது வருசமாக அந்தக் கொக்கியில் தொங்கிய எந்தக் கொழுந்துச் சாக்கிலும் கணக்கப்பிள்ளை கழிவு வெட்டாமல் விட்டது கிடையாது. தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ. வெயில் கொளுத்துகிற மாசியிலும் தண்ணிக்கு இரண்டு கிலோ. வெட்டாத தராசை அங்கே இருந்த ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பைகளை முதுகுக்குப் பின்னே மறைத்தார்கள். றோய் சாக்கை மெதுவாகக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

“நான் சொல்லல? இதுல பெரிய கை இருக்கு” என்றார் யாகோப்பு.

வேன் வெறுமையாகத் திரும்பினால் அந்தப் போன் இன்னும் ஒரு வருசம் வீட்டில் கிடந்து ஊதும். அதை நினைத்த ஜெனிற்றா முன்ஸிப்பின் பக்கத்தில் போய் ஏதோ கிசுகிசுத்தாள்.

“வயர்ல எங்க தண்ணி ஈக்கு அக்கா?”

“ஐயோ, சும்மா வெட்டுங்களேன்!”

முன்ஸிப் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினான். “தண்ணிக்கு ரெண்டு! சாக்குக்கு ஒண்ணு! மூணு கிலோ கழிவு, எட்டுக் கிலோ!”

“அநியாயம்!” என்று றோய் பாய்ந்தார். “காஞ்ச வயர்ல தண்ணியா? நீ தண்ணி போட்டுட்டு வந்தியா?”

“எல்லாருக்கும் ஒரே கழிவுதான். இஷ்டம்னா போடுங்க!”

மடுவம் கலகலத்தது. ஆளுக்கு ஆள் ஏசிக்கொண்டே சாக்குகளை வரிசையில் வைத்தார்கள். வரிசையில் நின்ற ஜெபமலர் தன் பங்குக்குக் கழிவில் அரைக் கிலோ குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்து, தோற்று, திருப்தியோடு போனாள். யாகோப்பு முன்ஸிப்பை மேலும் கீழும் பார்த்தார். மனசுக்குள் இருந்த கல் லேசாக அசைந்தது. இவன் தலைவரின் ஆள் இல்லை. நம்ம கணக்கப்பிள்ளையைப் போல சாதாரணக் கள்ளன். சாதாரணக் கள்ளனை நம்பலாம்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். துண்டைப் பிரித்துப் போனை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. “இதுக்கு ஒரு வயர் பாரு தம்பி. நீ தொடாம பாரு.”

முன்ஸிப்பின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “அல்லாஹ்வே! இத எங்க ஐயா வெச்சிருந்தீங்க?”

“தலைமாட்டுல.”

“இதுக்கு வயரைக் குத்தியிருந்தீங்கன்னா உங்க தலையும் இல்ல, லயமும் இல்ல. எல்லாரும் தள்ளி நில்லுங்க.”

நாற்பத்து மூன்று தடவை குத்திப் பார்த்த கதையை யாகோப்பு அப்போது சொல்லவில்லை. முன்ஸிப் பதமாக மூடியை நீக்கி, பலூன் போல் இருந்த பற்றரியைக் கழற்றி, மணல் போட்ட தகரத்தில் வைத்துத் தூரக் கொண்டுபோய் வைத்தான். பிறகு போனுக்குள்ளிருந்து நகத்தளவு மெமரி சிப் ஒன்றை எடுத்தான்.

“பேசினது இதுலதான் ஈக்கும். இதுக்கு வயரே தேவை இல்ல ஐயா.”

ஏழு வருசம் யாகோப்புவின் முகத்தைக் கடந்து போனது. ஜெனிற்றா வேறு பக்கம் பார்த்தாள்.

முன்ஸிப் சிப்பைத் தன் போனில் போட்டான். மடுவத்தில் இருந்த அத்தனை பேரும் நெருங்கி வந்தார்கள். பத்துப் பேர்ச்சஸ் என்றால் அடுப்படி தனியாக, பிள்ளைகளுக்கு ஓர் அறை தனியாக. ஜெனிற்றா அதை எத்தனையோ தடவை மனசுக்குள் கட்டிப் பார்த்திருக்கிறாள்.

கிறகிறவென்று சத்தம். தூரத்தில் தலைவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறதுபோல. அதற்கு மேலே, போனுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு குரல் கணீரென்று வந்தது.

“பொய்யி... சுத்தப் பொய்யி... இவன் மூஞ்சியப் பாரு.”

தலைவர்: “உங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும்...”

“ஆமாமா, குடுத்துக் கிழிப்பான்! பத்துப் பேர்ச்சஸாம்! இவன் பத்து அடி குடுப்பானாடா? எழுதிக் குடுக்கச் சொல்லு பாப்போம்...”

அதற்குள் கைதட்டல். பதிவு முடிந்தது.

முன்ஸிப் மறுபடி போட்டான். மறுபடியும் தலைவர் வாயில் பேர்ச்சஸ் வரவில்லை. பேர்ச்சஸ் வந்தது மற்றக் குரலின் வாயில் மட்டும்தான்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜெனிற்றா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“யாருடா அவன்?” என்று யாகோப்பு உறுமினார். “முக்கியமான எடத்துல பூந்து பேசுன அந்தப் பாவி யாரு?”

எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

“றோய், என் பக்கத்துல நின்னது நீதானே?”

“நான் கைதட்டிக்கிட்டு இருந்தேண்ணே.”

“மாமா...” என்று ஜெனிற்றா ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று முடித்தாள்.

அவர் தகரப்பெட்டியை அப்படியே வேனுக்குள் தள்ளினார். கழிவு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. சிப்பை மட்டும் வாங்கி, ஜெனிற்றாவின் போனில் போடச் சொல்லி, அந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கீழ் டிவிசனில் யாரைக் கண்டாலும் நிறுத்தி, “எங்க, ‘குடுத்துக் கிழிப்பான்’னு ஒருவாட்டி சொல்லு” என்கிறார். கண்ணை மூடிக் கேட்கிறார். போனைக் காதில் வைத்து ஒப்பிடுகிறார். இதுவரை முப்பத்தொரு பேர் சொல்லிக் காட்டிவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் சொன்னார், பாதரும் சொன்னார்.

“ஒருத்தன் குரலும் ஒத்துவரல” என்கிறார் யாகோப்பு. “ரொம்பக் கெட்டிக்காரன். குரலை மாத்திக்கிட்டுத் திரியுறான்.”