மூன்றாவது பங்குதாரர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் வெளியறையில் கிடைத்தது. என் வரிக் கணக்குக்காகக் காத்திருந்தேன். உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ஆடிட்டர் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"கணக்கு கண்ணாடி மாதிரி இருக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான். இந்த மூணாவது பார்ட்னர் யாரு? ஆமாங்க, 'நம்ம'ன்னு பேர் போட்டிருக்கே, அவருதான். உங்க ரெண்டு பேரையும் விட நிறையப் பணம் போட்டிருக்காரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, ஆடிட்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியில் நின்ற அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கியது. பிறகு அவரைக் குடைந்ததில், சலவைக்கடை, அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டும்போது எனக்குக் கை பரபரத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "செயற்கை நுண்ணறிவின் வருகை சிறு வணிகத்தின் முகத்தையே —"

(இது கருத்தரங்கு. விட்டேன்.)

இரண்டாவது: "சோகம் கவிந்த அந்தச் சலவைக்கடையில் —"

(இயந்திரங்கள் சுழலும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. சோகம் எங்கே கவிவது? விட்டேன்.)

மூன்றாவது: நாத்தனார் கசங்கிய ரசீது ஒன்றை இஸ்திரி மேசையில் விரித்து, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஒருமுறை ஓட்டினாள்.

இது நிற்கும். ரசீதைப் படம் பிடித்தால் தானே படித்துக் கணக்கு எழுதிக்கொள்ளும் ஆப் ஒன்றை அவள் போனில் இறக்கியிருந்தாள். படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக இந்த இஸ்திரி.*

* சில கடை ரசீதுகள் சூடுபட்டால் கறுக்கும் தாளில் அச்சானவை. முதல் நாள் இப்படிச் சில ரசீதுகள் அவள் கண்முன்னே அட்டக்கரியாயின. "கணக்கு எழுதச் சொன்னா எரிச்சுக்கிட்டிருக்கியா?" என்று அண்ணி கேட்டாள். கணக்குச் சீட்டை எரிப்பது எல்லா இடத்திலும் சந்தேகத்தோடு பார்க்கப்படும் காரியம்தான்.

3

"அண்ணி, இங்க வாங்களேன்! சோப்புத்தூள்காரர் பில்லைப் படிச்சிடுச்சு! அந்த ஆளோட கோழிக் கிறுக்கலை என்னாலயே படிக்க முடியாது."

"நீ எழுதறதையும் படிக்குமா?"

"நக்கலா?"

"இல்லடி, சந்தேகம் கேட்டேன்."

மாதக் கடைசி வந்தால் இருவரும் துண்டுச் சீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது வழக்கம். இப்போது சோப்புத்தூள் சோப்புத்தூளோடும், மின்கட்டணம் மின்கட்டணத்தோடும் தானாகப் போய்ச் சேர்ந்தன. போர்வைகளைவிடத் திரைச்சீலைகளில்தான் லாபம் என்று அது ஒரு படம் வரைந்து காட்டியபோது, நாத்தனார் ஈரத் துண்டோடு ஒரு குதி குதித்தாள். அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயரும் வைத்தாள்.

"சம்பளம் கேக்காது, டீ கேக்காது, சொன்ன வேலையைச் சொன்னவுடனே செய்யுது."

"உங்க அண்ணனைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா இது?" என்றாள் அண்ணி.

ரசீது இல்லாத செலவுகளை வாயால் சொன்னாலும் அது எழுதிக்கொண்டது. பழைய ஆண்டுகளின் செலவையெல்லாம் நாத்தனார் ஒரே மூச்சில் ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"ஸ்டீமர் ரிப்பேர். கொடுத்தாச்சு."

யார் கொடுத்தார்? என்று திரையில் வந்தது.

"கொடுத்தாச்சுன்னா கொடுத்தாச்சு. அதுல யாரு என்ன?"

யாருடைய பணம்?

"நம்ம காசுதான், வேற யார் காசு!"

'நம்ம' புதிய பங்குதாரரா?

இருந்த வேகத்தில் அவள் 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த செலவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கணக்குப்பிள்ளை கேட்கவே இல்லை. 'ஆச்சு' என்று முடிந்ததையெல்லாம் 'நம்ம' தலையில் எழுதிக்கொண்டே போனது.

[கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். 'ஆச்சு' என்று நம் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. பூட்டியாச்சு, வாங்கியாச்சு, சொல்லியாச்சு. செய்தவர் வாக்கியத்துக்குள் தலைகாட்ட வேண்டியதே இல்லை. கண்ணாடிக் குவளையை உடைத்தவர் இதற்குள் ஒளிந்துகொள்வதை எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். கொடுத்தவரும் அதற்குள் ஒளிந்துகொள்வார் என்பது இதை எழுதும்போதுதான் எனக்குப் புலப்பட்டது.]

4

அண்ணி எனக்குப் பிடிபடவில்லை. முதலில் அவளைக் காரியக்காரியாக எழுதினேன். அப்படிப்பட்டவள் தன் பெயரை முதல் நாளே பதிந்திருப்பாள். அடுத்துத் தியாகி ஆக்கினேன். அப்புறம் அவள் வாயைத் திறக்கவே மறுத்துவிட்டாள். நக்கல் அடிக்காத அண்ணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆகவே நடந்ததாக நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன். நாத்தனார் கணவனை விட்டு இரண்டு பைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அதே சமயம் அண்ணி அலுவலக வேலையை விட்டாள். கணக்கை முடித்து அவளுக்குக் கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, சாப்பிடும்போது, உப்பைக் கேட்பதுபோல அண்ணி சொன்னாள்: "கடை பிடிச்சாச்சு. மெஷின் வாங்கியாச்சு. நாளைக்கு வந்து ஓட்டிப் பாரு."

யார் பிடித்தது, யார் வாங்கியது என்று நாத்தனாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் எல்லாமே 'ஆச்சு'தான்.

5

ஒரு விடுதி தன் அறைத் துணிகள் அனைத்தையும் இவர்களிடம் கொடுக்கத் தயாராக இருந்தது. பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்ற அளவுக்குப் பெரிய வேலை. பங்குதாரர் யார், யார் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை கெடு.

ஆடிட்டரிடம் பேசி முடித்துவிட்டு நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "வரச் சொல்லு அவரை. இவ்வளவு போட்டிருக்காரு, ஒரு நாளாவது வந்து துணி மடிச்சாரா?" என்றாள் அண்ணி.

சிரித்துக்கொண்டே நாத்தனார் 'நம்ம'வை நீக்கப் போனாள். கணக்குப்பிள்ளை கேட்டது: இவர் போட்ட தொகையை யார் பெயருக்கு மாற்ற வேண்டும்?

"பாதிப் பாதி போட்டுடு," என்றாள் அண்ணி.

"பாதி என்னோடது இல்லையே, அண்ணி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான் விஷயமே."

"முதல் வருஷம் பூரா நீ சம்பளமே எடுக்கலையே. அதுக்கு எந்த ரசீதைப் படம் பிடிப்ப?"

நாத்தனார் மேசையில் இருந்த தலையணை உறையை நீவினாள். "அதை வட்டின்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணியின் முகம் மாறியது. "வட்டியா? இத்தனை வருஷமா எனக்கு வட்டி கட்டிக்கிட்டா இருந்த?"

"வேற என்ன செய்ய? நீங்கதான் கொடுத்தீங்கன்னு நீங்க சொல்லவே இல்லை. யாருக்குன்னு நான் நன்றி சொல்றது? மெஷினுக்கா?"

6

முடிவுகளை மேசையில் வைக்கிறேன்.

பாதிப் பாதி: ஒப்பந்தம் கிடைக்கும். வட்டி என்ற சொல் இருவருக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்காரும்.

மொத்தமும் அண்ணி பெயரில்: கணக்கு உண்மை. நாளை முதல் நாத்தனார் தன் கடையிலேயே கொஞ்சம் குனிந்து நடப்பாள்.

"அவர் எங்கள் இருவருக்குள்ளும் இருக்கிறார்" என்று ஆடிட்டரிடம் போய்ச் சொல்வது: (எழுதும்போது எனக்கே புல்லரித்தது. படித்துப் பார்த்தால் பாகு சொட்டுகிறது. விட்டேன்.)

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. எனவே அந்த மதியத்தில் நான் கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன். நாத்தனார் பேசுவதற்கான பொத்தானை அழுத்துகிறாள். கேட்கிறேன், என்று திரை சொல்கிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எட்டிப் போனைப் பறிக்கிறாள்.

"இரு. நான் சொல்றேன்."

இயந்திரங்களை அணைக்கிறாள். கடையில் அப்படியொரு அமைதியை நாத்தனார் கேட்டதே இல்லை. அண்ணி போனை வாயருகே பிடித்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தபடி தொடங்குகிறாள்:

"அந்த மெஷினுக்கு, நான் —"

நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். கொடுத்தேனா, வாங்கிக்கிட்டேனா, கடன்பட்டேனா என்பது வாக்கியம் முடியும்வரை தெரியாது. நாத்தனார் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கணக்குப்பிள்ளை காத்திருக்கிறது. சொல்லை நீங்கள் போடுங்கள்.